துண்டால் அளந்த சக்கரம்

ஒரு லாரியின் முன்சக்கரங்களைத் தோளில் போடும் துண்டால் அளந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரிலும் லெப்பைக்குடிக்காட்டிலும் என்னைத் தெரிந்த யாருக்கும் இது புதிய செய்தி இல்லை. என் பேரப்பிள்ளைகள் அ, ஆ எழுதப் பழகும் முன்பே இந்தக் கதையைச் சொல்லப் பழகிவிட்டார்கள். (சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. அவளுக்கு இதில் இருக்கிற உற்சாகம் வேறெதிலும் கிடையாது.) ஆனால் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யைச் சொன்னவன் நான் இல்லை. அதனால் பிழைத்தவன் நான்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பெரம்பலூர் திரும்பியிருந்தேன். அந்த ஒன்றரை வருஷத்தில் பெரும்பகுதி நான் செய்தது, மற்றவர்கள் கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவியதுதான். ஊருக்கு வந்ததும் அந்த விவரத்தை யாரிடமும் சொல்லவில்லை. மெக்கானிக் என்றுதான் சொன்னேன். சட்டைப் பையில் ஒரு பேனா வேறு சொருகியிருப்பேன். என்னத்தை எழுதினேன் என்று யாரும் கேட்காதவரை மரியாதையாகத்தான் இருந்தது.

எங்கள் முதலாளிக்கு ஒரே ஒரு லாரி. சுற்றுப்பட்டு ஊர்களில் கடலை மூட்டையும் நெல்லும் ஏற்றிக்கொண்டு அரியலூர் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும், வரும். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் வண்டியின் பக்கவாட்டில் ஆளுயர டப்பா ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கனியவைத்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். காலையில் ஒரு மணி நேரம் துருத்தி ஊதி நெருப்பைக் கிளப்பினால்தான் வண்டி அசையும். டயருக்கு அதைவிடப் பஞ்சம். சர்க்கார் பர்மிட் வாங்கி, மாசக்கணக்கில் காத்திருந்து, அந்தத் தடவைதான் முன்சக்கரங்களுக்கு இரண்டு புது டயர் வந்திருந்தது. முதலாளி அவற்றை வீட்டுக் கூடத்தில் வைத்து, போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்த்தார்.

வண்டியை ஓட்டியவர் காதரண்ணன். முப்பது வயசு. தாய் தகப்பன் இல்லை. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுக்கும்வரை தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவர். ஐந்து வேளையும் தொழுவார். காபி குடித்தால் படபடவென்று வருகிறது என்று மோர் குடிப்பார். அப்போதுதான் லெப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த அஜீஸ் சாயபுவின் மகளை அவருக்குப் பேசியிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து, நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. சீப்பு வைத்துத் தலை வாரிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்த காதரண்ணனை அந்த மாசம்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

வண்டியின் ஸ்டியரிங் தளர்ந்து போயிருந்தது. முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின்னும், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புகிற டை ராடும் மாற்றியாக வேண்டும். சாமான்கள் ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் ரயிலில் வந்து சேர்ந்தன. ராத்திரி பகல் பாராமல் பூட்டினேன். பூட்டியது சரியாகத்தான் பூட்டினேன், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. புது டயரையும் மாட்டியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே வேலை, சக்கரங்களை நேர்படுத்துவது.

அது பெரிய வித்தை இல்லை. இரண்டு முன்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பின்பக்கம் ஒரு தரம், முன்பக்கம் ஒரு தரம் அளக்க வேண்டும். முன்பக்கத் தூரம் பின்பக்கத் தூரத்தைவிட ஒரு நெல்மணியின் அகலம் மட்டும் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் குறைந்தால், கால் இரண்டையும் உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு நடக்கிற ஆளைப் போல வண்டி தடுமாறும், டயரும் தேய்ந்து நாசமாகும். டை ராடைத் திருகினால் தூரம் கூடும், குறையும். அளப்பதற்கு என்னிடம் அங்குலக் கோடு போட்ட ஒரு தேக்குக் கோல் இருந்தது.

பூஜையன்று மத்தியானம் முதலாளி, “வேலை முடிஞ்சுதா?” என்று கேட்டார். நான் பேனாவைச் சரிசெய்துகொண்டு, “முடிஞ்சுதுங்க” என்றேன். கோலை எடுத்து அளக்கக் கால் மணி நேரம் போதும், அதற்காக ‘இன்னும் இல்லை’ என்று சொல்வானேன் என்ற நினைப்பு.

கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஒரு ஸ்பானர் இல்லை, சுத்தியல் இல்லை, கோலும் இல்லை. முதலாளியின் சம்சாரம் அத்தனையையும் கழுவி, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டிருந்தார். என் தேக்குக் கோலுக்கு நடுவில் ஒரு பொட்டு, இரண்டு முனையிலும் இரண்டு பொட்டு. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் மறுபூஜை, உடனே நல்ல நேரத்தில் வண்டி கிளம்ப வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“அம்மா, அந்தக் கோலை மட்டும் கொடுங்க, இன்னும் வேலை இருக்கு” என்று கேட்டிருக்கலாம். திட்டுவார்கள், கொடுத்தும் இருப்பார்கள். ஆனால் முடிந்தது என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? நல்லவேளையாக, வண்டி ஜாக்கியின் மேல் நின்றதால் ஜாக்கி மட்டும் பூஜைக்குப் போகாமல் தப்பியிருந்தது. புது டை ராடு கிரீஸ் போட்டது, கையாலேயே திருகலாம். அளக்கத்தான் ஒன்றும் இல்லை. அப்போதுதான் என் தோளில் கிடந்த ஈரத் துண்டு என் கண்ணில் பட்டது.

வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் துண்டை இழுத்து, பின்பக்கத் தூரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு முன்பக்கம் வந்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, அதே துண்டை லேசாகப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு நெல்மணி குறைவாக வரும்வரை டை ராடைத் திருகினேன். துணி இழுத்தால் நீளும் என்பதை அறியாதவனா நான்? அறிந்தவன்தான். அந்த நேரத்தில் அந்த அறிவு எங்கே போயிருந்தது என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். மறுநாள் விடிகாலையில் ஸ்பானர் கைக்கு வந்ததும், டை ராடின் போல்ட்டுகளை முறுக்கி இறுக்கினேன். கோலும் கைக்கு வந்திருந்தது. ஆனால் முதலாளி தேங்காயோடு நின்றார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கோலைக் குங்குமத்தோடு அப்படியே சுவரில் சாத்தினேன். பழம் நசுங்கி வண்டி கிளம்பிற்று. என் தப்பும் நல்ல நேரத்தில்தான் கிளம்பிற்று.

அதற்கடுத்த நாள் காதரண்ணன் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன் டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழவென்று இருந்தது. உள்ளேயிருந்து வெளியே இழுத்தால் ரம்பத்தின் பல் போலக் கையை அறுத்தது. இரண்டே நாளில் இப்படி. “ரோட்டுல நிக்கவே மாட்டேங்குது கோவிந்து. ஒரு தடவ அளந்து பார்த்துடு” என்றார். எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது சொன்னது: “புது டயர் அப்படித்தாண்ணே இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்.”

அவர் டயரை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி எப்போது தனியாக நிற்கும், எப்போது யாருக்கும் தெரியாமல் அளந்து திருகலாம் என்று நான் காத்திருந்தேன். கடலை ஏற்றுகிற சமயம், வண்டியைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள்.

நாலாம் நாள் அஜீஸ் சாயபு வண்டியில் ஏறினார். அரியலூர் ஸ்டேஷனில் ஜவுளிக் கட்டு எடுக்க வேண்டும் என்பது சாக்கு. வரப்போகிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். பார்த்தார். வண்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்தது. காதரண்ணன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். கரிப்புகை ஊதி ஊதி அவர் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. மாமனார் பக்கத்தில் இருக்கிற பதற்றத்தில் பேச்சும் குழறியிருக்கிறது. பேரளி கிராமத்தைத் தாண்டியதும் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழி விடப்போய் லாரி புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. சாயபு இறங்கி, அந்த மாட்டுவண்டியிலேயே ஏறித் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலமே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். குடிகாரனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனசில்லை, பேசியதை எல்லாம் மறந்துவிட வேண்டியது.

மோர் குடிக்கிற மனிதர்!

முதலாளியும் கூப்பிட்டு விசாரித்தார். காதரண்ணன் வண்டியில்தான் கோளாறு என்றார். முதலாளி, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “நீ சொல்லுப்பா. வண்டியில எதும் கொறை இருக்கா?” என்று கேட்டார். கூடம் கோணல்தான். கோணலாக்கியவன் அங்கேயே நின்றேன். காதரண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கொறையும் இல்லீங்க” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய எத்தனையோ அசட்டுப் பேச்சுகளை நினைத்து நானே சிரித்திருக்கிறேன். இந்த மூன்று வார்த்தையை நினைத்து ஒருநாளும் சிரித்ததில்லை. காதரண்ணன் சாவியைத் திண்ணைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஓட்ட ஆள் இல்லாமல் வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்றது. நான் காத்திருந்த தனிமை கிடைத்தது. அப்போதும் நான் அதைத் தொடவில்லை. சரிசெய்துவிட்டால், முன்னால் சரியில்லை என்று ஆகிவிடுமே! இப்படியெல்லாம் யோசிக்கத் தனி மூளை வேண்டும், அது எனக்கு வாய்த்திருந்தது.

வாரம் கழிந்ததும் முதலாளி என்னையே ஓட்டச் சொன்னார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. காலையில் கரிப்புகையை ஊதிவிட்டு, கடலை மூட்டைகளோடு அரியலூருக்குக் கிளம்பினேன். ஐந்து மைலுக்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. இடப்பக்கம் போகாதே என்றால் வலப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் போகாதே என்றால் வயலுக்குப் போயிற்று. நிஜமாகவே வயலுக்குத்தான். ஒரு ஏரிக்கரை வளைவில் வாய்க்காலைத் தாண்டி, நடவு நட்ட சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி ஓடிவந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் என் சிவந்த கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் நிதானமாகச் சொன்னாள்: “காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான். இவனப் பெத்தவ என்ன பாவம் பண்ணாளோ.”

நான் குடிக்கவில்லை என்று சொன்னேன். அவள் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, அவர் மூக்குக்கு நேராக என்னை ஊதச் சொன்னாள். சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு, சட்டைப் பையில் பேனாவோடு, நான் ஊதினேன். பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, வாடை தெரியாமலிருக்க ஏதோ மென்றிருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னார். வண்டி மேல்தான் தப்பு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னால் ஐந்து மைலுக்கு மேல் தாங்க முடியாத வண்டியை, காதரண்ணன் நாலு நாள் ஒரு ஆட்டுக்குட்டிமேல்கூட ஏற்றாமல் ஓட்டியிருக்கிறார். இதே சொல்லை மாமனார் அனுப்பிய ஆள் வாயால் கேட்டிருக்கிறார். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். (அந்த அம்மாளுக்கு அது இன்னும் உறுதியான சாட்சியாகப் போயிற்று.)

நாலு ஜோடி மாடு கட்டி இழுத்து வண்டியை ரோட்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். அரியலூருக்குப் போகவில்லை. உருட்டிக்கொண்டே பெரம்பலூர் திரும்பி, காதரண்ணன் தங்கியிருந்த அவர் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை, முடிச்சை, ரம்பம் போன்ற டயரை, மூன்று வார்த்தையை. அவர் கடைசிவரை கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, “சக்கரத்த இப்பத் தொடாத. அப்படியே இருக்கட்டும். ஏறு, போவம்” என்றார்.

லெப்பைக்குடிக்காட்டுக் கடைவீதியில், சாயபு கடைக்கு எதிரே வண்டி நின்றது. சேற்று வேட்டியோடு படியேறினேன். அன்றைக்கு வண்டி ஆடியதற்குக் காரணம் இவர் இல்லை, நான்தான் என்று சொன்னேன். சக்கரத்தைத் தப்பாக அளந்துவிட்டேன் என்றேன்.

“எதால அளந்தே?” என்று கேட்டார் சாயபு.

“துண்டாலங்க.”

துணி எடுக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சாயபு என் தோளிலிருந்த துண்டை எடுத்தார். அதே துண்டுதான். இரும்புக் கஜக்கோலின்மேல் அதை இழுத்துப் பிடித்து ஒரு தரம் அளந்தார், தளர்த்தி ஒரு தரம் அளந்தார். “இழுத்தா ஒரு அளவு, விட்டா ஒரு அளவு” என்றார். “முப்பது வருஷமாத் துணி அளக்கறேன் தம்பி. துணிய அளக்கறதுக்குத்தான் கோலு. துணியால அளந்தவன இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

பிறகு அந்தக் கஜக்கோலோடு தெருவில் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அப்படியே மண்ணில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். தையல்காரரின் சாக்கட்டியால் குறிபோட்டுப் பின்பக்கம் அளந்தார், முன்பக்கம் வந்து அளந்தார். நெல்மணி அகலம் இருக்க வேண்டிய வித்தியாசம் ஒன்றேகால் அங்குலம் இருந்தது. எழுந்து டயரை உள்ளேயிருந்து வெளியே தடவி, கையை உதறிக்கொண்டார். காதரண்ணன் தோளில் அந்தக் கையை வைத்தார்.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். “இது ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. ஆனால் எனக்கு முன்னால் காதரண்ணன் பேசிவிட்டார்.

“இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுதாம். தெரிஞ்சதும் ஓடியாந்துட்டான்.”

பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி ஊரே சொல்லும். சாயபு, நல்ல பையன் என்று என் முதுகைத் தட்டினார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது, ஏண்ணே அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே, “நான் சம்பந்தம் பண்ற வூட்டுக்கு நாளைக்கு நீயும் வந்து போவணுமில்ல” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருநாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

முதலாளியிடமும் போய் ஒப்புக்கொண்டேன். அவர் காதரண்ணனை வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தார். இரண்டு டயரும் போனது போனதுதான். அடுத்த பர்மிட் வரும்வரை ஒட்டுப் போட்ட பழைய டயரில் வண்டி ஓடிற்று, அத்தனை ஒட்டையும் நான்தான் போட்டேன். அதிலிருந்து இன்றுவரை, ஆயுத பூஜைக்கு என் ஷெட்டில் எல்லாம் பூஜைக்குப் போகும், அளவுகோல் மட்டும் போகாது. கலைமகள் கோபித்துக்கொள்ள மாட்டாள், என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காதரண்ணன் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்கெல்லாம் சாயபு வேட்டி கொடுத்தார், எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். அதை ஊர் பார்க்க இழுத்துக் காட்டி, எத்தனை அங்குலம் என்று கேட்டார். அது வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் எனக்கு ஒரு துண்டு உண்டு, கதையும் உண்டு. பிள்ளைகளுக்கெல்லாம் நான் துண்டு மாமா. கதையைக் காதரண்ணன்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும், “தெரிஞ்சதும் ஓடியாந்துட்டான்” என்றுதான் முடிப்பார். முடிக்கும்போது என் பக்கம் பார்க்க மாட்டார்.

போன வருஷம் அவர் மௌத்தாகிவிட்டார். இந்த வருஷம் அவர் பேத்தி கல்யாணம். மகன் எழுந்து துண்டை விரித்து, வாப்பா சொன்ன மாதிரியே கதையைச் சொல்லி, “தெரிஞ்சதும் ஓடியாந்துட்டாராம்” என்று முடித்தான். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, “இல்லப்பா. ரெண்டாம் நாளே தெரியும். ஒம்பது நாள் கழிச்சுத்தான் வந்தேன்” என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துண்டு மாமா இந்த வருஷம் புதுசாக ஒன்று சேர்த்துவிட்டார் என்று காதரண்ணன் மருமகன் சத்தமாகச் சொன்னான்.

பந்தியெல்லாம் முடிந்தபின் ஜொகரா, காதரண்ணன் சம்சாரம், என்னையும் என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறியது. என் தட்டில் பிரியாணியை வைத்துவிட்டு, குனிந்தபடியே சொன்னது:

“எனக்குத் தெரியும்ண்ணே. நிக்காஹ் ஆன மறுநாளே அவங்க சொல்லிட்டாங்க. சாப்புடுங்க.”

சாப்பிட்டேன். காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. துண்டு கையிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று.